பெரியப்பா முகம், வேறு ஆள்: 'பாடி ஸ்னாட்சர்ஸ்' பழையதும் ரீமேக்கும், இரண்டு டிஸ்க்கும் பார்த்த கதை

'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' என்று 1956-ல் ஒரு படம் வந்தது. 1978-ல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. இரண்டையும் டிஸ்க்காக வாங்கி, போன மாதம் பாளையங்கோட்டை வீட்டு மொட்டைமாடியில், வெள்ளையடித்த சுவரில், அடுத்தடுத்து இரண்டு ராத்திரி போட்டுப் பார்த்தோம். நான், என் மனைவி, கல்லூரியில் முதலாண்டு படிக்கிற என் அக்கா மகன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1978 படத்தை வாங்குங்கள். இரண்டும் முடியும் என்றால் 1956 படத்தை முதலில் பாருங்கள், இடையில் ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள். அவசரமாக வந்தவர்களுக்கு இவ்வளவு போதும், மற்றவர்கள் உட்காருங்கள், சொல்ல நிறைய இருக்கிறது.

இரண்டாம் நாள் ராத்திரி புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டிருக்கும்போது மருமகன் கேட்டான், "மாமா, நேத்து பார்த்த கதைதான? எதுக்கு ரெண்டாவது தடவை எடுத்தாங்க?" நியாயமான கேள்வி. ரீமேக் என்றாலே சரக்கு தீர்ந்துபோனவர்கள் செய்கிற வேலை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இந்த இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

கதை ஜாக் ஃபின்னி எழுதியது, 1954-ல் பத்திரிகைத் தொடராக வந்து அடுத்த வருஷம் நாவலானது. வானத்திலிருந்து விதைகள் வந்து விழுகின்றன. அதிலிருந்து ஆள் உயரத்துக்குக் காய்கள் விளைகின்றன. நம்ம ஊர் இலவங்காய் தெரியும் இல்லையா, அதை ஆறடிக்கு வளர்த்தால் எப்படி இருக்கும், அப்படி. நீங்கள் தூங்கும்போது பக்கத்தில் அந்தக் காய் இருந்தால் அது வெடித்து, நுரைக்குள்ளிருந்து உங்களைப் போலவே ஒரு உடம்பு உருவாகும். விடிந்ததும் எழுந்து வருவது நீங்கள் இல்லை. உங்கள் முகம், உங்கள் குரல், உங்கள் ஞாபகம் எல்லாம் அதற்கு இருக்கும். பாசம், கோபம், பயம் எதுவும் இருக்காது. 1978 படத்தில் ஒரு ஆள் மாறி முடிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ மிஞ்சும், அதைக் குப்பை வண்டியில் அள்ளிப் போடுவார்கள். முதல் தடவை பார்க்கும்போது அந்தக் குப்பை வண்டிகளைக் கவனிக்கவே மாட்டீர்கள். தெருவில் எப்போதும் நிற்கிற வண்டிதானே. இரண்டாம் தடவை பார்க்கும்போது படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்குள் வயிற்றைப் பிசையும்.

1956 படத்தில் ஒரு பெண் டாக்டரிடம் வந்து சொல்கிறாள், வீட்டில் இருக்கிறது என் மாமா இல்லை என்று. அவர் புல் வெட்டிக்கொண்டு சாதாரணமாகத்தான் இருக்கிறார். பழைய விஷயம் எல்லாம் சரியாகச் சொல்கிறார். ஆனால் அவளைப் பார்க்கும்போது கண்ணில் எப்போதும் வருகிற ஒன்று இப்போது வரவில்லை, அவ்வளவுதான் அவள் புகார். இந்த இடம் வந்ததும் நான் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முக்கூடல் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழா ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் பெரியப்பா சுடலைக்குச் சாமியாடுகிறவர். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். சாமக்கொடை நேரம், மேளம் உச்சத்தில் இருக்கிறது, பெரியப்பா தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்புகிறார். நான் கூட்டத்தில் புகுந்து அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அதே மீசை, அதே அம்மைத் தழும்பு, தினமும் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுகிற அதே முகம், உள்ளே இருப்பது அவர் இல்லை. யாரோ என்னைத் தூக்கி ஓரமாக விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் ஆச்சியைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன். காலையில் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, "ஏல, காப்பி குடிச்சியா?" என்று கேட்டபோதுதான் உயிர் வந்தது.

நாங்கள் பயந்தது ஆள் மாறிப் போவதற்கு. அதே பயம்தான் இந்தப் படத்திலும் இருக்கிறது, ஆனால் தலைகீழாக. சாமி வந்தவருக்கு என் பெயர் மறந்துவிட்டது, ஆனால் உடம்பு முழுக்க அனல் இருந்தது. படத்தில் மாறினவர்களுக்கு எல்லார் பெயரும் ஞாபகம் இருக்கிறது, காப்பி குடித்தாயா என்றுகூடக் கேட்பார்கள், அனல் மட்டும் இல்லை. போதாததற்கு, பெரியப்பா விடிந்ததும் திரும்பி வந்துவிட்டார். 1956 படத்துக் கதை நடக்கிற சின்ன ஊரான சாண்டா மிராவில் மாறினவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

சரி, 1956-க்கு வருவோம். டான் சீகல் இயக்கியது, கறுப்பு வெள்ளை, 80 நிமிஷம். கெவின் மெக்கார்த்தி ஊர் டாக்டர் மைல்ஸாக வருகிறார், டானா விண்டர் அவருடைய பழைய காதலி பெக்கியாக. படத்தில் பெரிய தந்திரக் காட்சி என்று எண்ணினால் கை விரல் போதும். கண்ணாடிக் கொட்டகைக்குள் காய்கள் வெடித்து நுரை தள்ளுகிற காட்சி, பில்லியர்ட்ஸ் மேசையில் இன்னும் முகம் முழுசாக வராமல் கிடக்கிற ஒரு உடம்பு, அதன் விரலில் ரேகை இல்லை. இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எனக்குத் தூக்கம் போனது வேறு ஒரு காட்சியில். காலை நேரம், டாக்டர் தன் அறை ஜன்னல் வழியாகக் கீழே ஊர்ச் சதுக்கத்தைப் பார்க்கிறார். சாதாரண சனிக்கிழமைக் கூட்டம். அப்புறம் லாரிகள் வருகின்றன, ஆட்கள் அமைதியாக வரிசையாகப் போய் ஆளுக்குச் சில காய்களை வாங்கித் தங்கள் காரில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குக் கிளம்புகிறார்கள். நயினார்குளம் மார்க்கெட்டில் விடிகாலை வாழைத்தார் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தம், அந்தப் பேரம், அந்தத் திட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இறக்குகிற வேலையை மட்டும் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருத்தரும் ஒருத்தரோடும் சண்டை போடாத ஒரு மார்க்கெட். அதுதான் பயம்.

இந்தப் படம் எதைச் சொல்கிறது என்று எழுபது வருஷமாகச் சண்டை நடக்கிறது. கம்யூனிசம் வந்து எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும் என்ற பயம் என்று ஒரு கட்சி. இல்லை, அந்தப் பயத்தைக் காட்டி, கம்யூனிஸ்ட் வேட்டை ஆடின செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி (நடிகர் மெக்கார்த்தி வேறு) காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனை வேவு பார்க்க வைத்தார்களே, அதைத்தான் படம் சொல்கிறது என்று இன்னொரு கட்சி. இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கிற அளவுக்குக் கதை அகலமாக இருக்கிறது, அதனால்தான் அதைத் திரும்பத் திரும்ப எடுக்க முடிகிறது என்று நினைக்கிறேன்.

குறை உண்டு. சீகல், மைல்ஸ் நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே ஓடி, அடுத்தது நீங்கள்தான் என்று கத்துகிற இடத்தோடு படத்தை முடிக்க விரும்பினார். ஸ்டுடியோ ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி, பின்னால் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி ஒட்ட வைத்து, கடைசியில் அதிகாரிகள் நம்பிவிட்டார்கள், இனிப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆறுதல் சொல்ல வைத்தது. நல்ல ரசத்தில் கடைசி நிமிஷத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றின மாதிரி. இன்னொன்றை மருமகன் பிடித்தான்: காய் இல்லாமல் ஆள் மாற முடியாது என்று படம் முழுக்கச் சொல்லிவிட்டு, குகைக் காட்சியில் பெக்கி சும்மா கண் அசந்ததும் மாறிவிடுகிறாளே, அங்கே காய் எங்கே? பதில் கிடையாது. அந்த நிமிஷம் மைல்ஸ் முகத்தைக் காட்டுகிற குளோசப் அவ்வளவு வலுவாக இருப்பதால் கேள்வி தோன்றவே நேரமாகிறது, ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

1978 படம் ஃபிலிப் காஃப்மன் இயக்கியது. கதையைச் சின்ன ஊரிலிருந்து தூக்கி சான் பிரான்சிஸ்கோவில் வைத்துவிட்டார், இந்த ஒரு முடிவுதான் படத்தையே வேறாக்குகிறது. சாண்டா மிராவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதனால் மாமா மாறினால் மருமகளுக்குத் தெரிகிறது. பெரிய நகரத்தில் மாடிப்படியில் எதிரே வருகிறவர் நேற்று எப்படி இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? அங்கே முன்பே ஒருவரை ஒருவர் பார்க்காமல்தான் நடக்கிறார்கள். பாதி ஊர் மாறின பிறகும் வித்தியாசம் தெரியாது. டொனால்ட் சதர்லேண்ட் சுகாதாரத்துறை ஆய்வாளர், ஓட்டல் அடுப்படிக்குள் புகுந்து குழம்பிலிருந்து எலிப்புழுக்கையைப் பொறுக்கி எடுக்கிற வேலை. எல்லாவற்றையும் சந்தேகப்படுவதே தொழிலாக இருப்பவர், தன் பக்கத்தில் நடப்பதை நம்ப இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்.

ஒரே ஒரு ஒப்பீடு சொல்கிறேன், ரீமேக் என்றால் என்ன என்பது எனக்கு இதில்தான் விளங்கியது. 1956-ல் மைல்ஸ் போனை எடுத்து ஆபரேட்டரிடம் வெளியூர் அதிகாரிகளுக்கு இணைப்புக் கேட்பார், கிடைக்காது. சின்ன ஊர், எக்ஸ்சேஞ்சில் இருப்பவருக்கு டாக்டரைத் தெரியும், அதில் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்த் தபாலாபீசில் டிரங்க் கால் பதிவு செய்த காலத்தில் குரலைக் கேட்டே இன்னார் பேரன் என்று சொல்லிவிடுவார்கள், அது ஒரு தைரியம். 1978-ல் சதர்லேண்ட் போனில் உதவி கேட்கிறார், மறுமுனையில் அவருடைய பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள். அவரோ தன் பெயரைச் சொல்லவே இல்லை. பெயர் தெரிந்திருப்பது ஊரில் உறவு, நகரத்தில் கண்காணிப்பு. 22 வருஷ இடைவெளியில் அதே போன், அதே ஆபரேட்டர், பயம் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. பழைய படத்தை அப்படியே வண்ணத்தில் எடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது. பழைய படம் இல்லாமலே இதை எடுத்திருந்தாலும் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

ஆட்களைத் தேர்ந்தெடுத்ததிலும் யோசனை இருக்கிறது. லியோனார்ட் நிமாய் மனநல மருத்துவராக வருகிறார். 'ஸ்டார் டிரெக்'கில் உணர்ச்சியை அடக்கி வைத்த ஸ்பாக்காக உலகமே அறிந்த முகம். அவர் எதிரே உட்கார்ந்து, எல்லாம் உங்கள் மனப்பிரமை என்று இதமாகச் சொல்லும்போது, இவர் மாறினவரா, இல்லை எப்போதுமே இப்படித்தானா என்று கண்டுபிடிக்க முடியாமல் தவிப்போம். ஜெஃப் கோல்ட்ப்ளம், வெரோனிகா கார்ட்ரைட் இரண்டு பேரும் அருமை, அதிலும் கார்ட்ரைட் பயப்படுகிற விதத்தைப் பார்த்தால் நமக்கும் மூச்சு வாங்கும். ஒளிப்பதிவு மைக்கேல் சாப்மன், 'டாக்ஸி டிரைவர்' எடுத்தவர். சாதாரணக் கட்டடத்தைக்கூடக் கொஞ்சம் சாய்த்து, கண்ணாடிக்குள் நெளிந்த பிம்பமாகக் காட்டி, இந்த ஊரில் ஏதோ சரியில்லை என்று ஆரம்பத்திலிருந்தே மனசுக்குள் போட்டுவிடுகிறார். இசை டென்னி சைட்லின், ஜாஸ் பியானோக்காரர், நிஜத்தில் மனநல மருத்துவரும் கூட. ஒலி வடிவமைப்பு 'ஸ்டார் வார்ஸ்' பென் பர்ட். மாறினவர்கள் மாறாதவரைக் கண்டால் விரலை நீட்டி எழுப்புகிற அந்த அலறலில் பன்றியின் கத்தலும் கலந்திருக்கிறது. முதல் தடவை அது கேட்டபோது கீழ்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது, மனைவி எழுந்து போய் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பின்பாதியில் ஓடுவதும் ஒளிவதும் கொஞ்சம் நீளம்தான், 115 நிமிஷத்தில் பத்து நிமிஷம் குறைத்திருக்கலாம். மனித முகத்தோடு ஒரு நாய் வரும், அது இன்றைக்குப் பார்க்க முகமூடி என்று தெரிகிறது. முடிவை எழுதமாட்டேன். சீகலுக்குக் கொடுக்கப்படாத துணிச்சல் காஃப்மனுக்குக் கொடுக்கப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன். ரீமேக்கால் சில சமயம் பழைய படத்துக்கு நடந்த அநியாயத்தைக்கூடச் சரி செய்ய முடியும்.

இனி மருமகனின் கேள்வி. கொடையில் வில்லுப்பாட்டு வைக்கிறோம். சுடலை கதைதான் பாடுவார்கள். பார்வதி மடியேந்தி விளக்குச் சுடரிலிருந்து பிள்ளை பிறப்பது, அந்தப் பிள்ளை கைலாயத்துச் சுடுகாட்டில் பிணம் தின்பது, பூலோகத்துக்கு அனுப்பப்படுவது, காளிப்புலையனோடு மோதுவது. போன வருஷம் பாடின கதையை இந்த வருஷமும் ஏன் பாட வேண்டும் என்று எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை. கதை தெரியும் என்பதால்தான் உட்காருகிறார்கள். இந்தப் புலவர் எந்த இடத்தில் வீசுகோலை ஓங்கி அடிப்பார், எந்த இடத்தில் உடுக்கையை மட்டும் விட்டுவிட்டு அமைதியாவார், குடம் அடிக்கிறவருக்கு எங்கே இடம் கொடுப்பார், அதைக் கேட்கத்தான் விடிய விடிய இருக்கிறார்கள். நான் கேட்ட ஒரு புலவர், புதையலை எடுக்கிற கட்டம் வந்தபோது அந்த வருஷம் ஊரில் பேச்சாக இருந்த நகைக்கடன் விவகாரத்தை நாலு வரியில் கோர்த்துவிட்டார், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதே கதை, அந்த வருஷத்துக் கதையாகிவிட்டது. மனப்பாடமாக ஒப்பிக்கிற குழு வந்தால் பதினொரு மணிக்கே பாயைச் சுருட்டிவிடுவார்கள். 1998-ல் 'சைக்கோ'வை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே திரும்ப எடுத்தார்களே, அது எனக்கு ஒப்பித்த பாட்டு மாதிரித்தான் தெரிந்தது.

காஃப்மன் செய்த இன்னொரு காரியமும் வில்லுப்பாட்டுக்காரர்கள் செய்வதுதான். 1956-ல் நெடுஞ்சாலையில் கத்தின அதே கெவின் மெக்கார்த்தி, 1978-ல் சான் பிரான்சிஸ்கோ தெருவில் கதாநாயகன் காரின் முன்னால் ஓடி வந்து விழுந்து அதே எச்சரிக்கையைக் கத்துகிறார். முகம் முதிர்ந்துவிட்டது. அப்புறம் ஒரு டாக்ஸி டிரைவர் வருகிறார், அது டான் சீகலேதான். இளைய புலவர் மேடை ஏறும்போது குருவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, காப்புப் பாட்டை அவர் வாயால் பாட வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதை இருக்கிற ரீமேக்கைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நம்ம பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2013-ல் மலையாளத்தில் 'த்ரிஷ்யம்', 2015-ல் அதே ஜீத்து ஜோசஃப் தமிழில் 'பாபநாசம்'. கேரளத்து ஜார்ஜுகுட்டி இங்கே வந்து சுயம்புலிங்கம் ஆனார், ஜெயமோகன் வசனத்தில் திருநெல்வேலித் தமிழ் பேசினார். அந்தத் தமிழ் சரியா தப்பா என்று டீக்கடையில் அண்ணாச்சிமார் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும், நானும் பேசியிருக்கிறேன். மோகன்லால் உள்ளே அடக்கி வைத்ததைக் கமல் வெளியே அழுதார். எது உசத்தி என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் தாமிரபரணிக் கரையில் ஒரு அப்பன் அப்படித்தான் உடைவான் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். மண் மாறினால் கதையும் மாறும், மாற வேண்டும்.

இந்தக் கதையை 1993-லும் ஏபல் ஃபெராரா எடுத்தார், அமெரிக்க ராணுவ முகாமுக்குள் நடக்கிற மாதிரி. நல்ல யோசனை, எல்லாரும் ஒரே சீருடையில் ஒரே மாதிரி நடக்கிற இடத்தில் யார் மாறினது என்று எப்படித் தெரியும்? கிடைத்தால் பாருங்கள். 2007-ல் நிகோல் கிட்மன் நடித்த 'தி இன்வேஷன்' வேண்டாம். ஒருவர் இயக்கி முடித்த பிறகு வேறு ஆட்களை வைத்துச் சில பகுதிகளைத் திரும்ப எடுத்த படம், தையல் வெளியே தெரிகிறது. காயையும் எடுத்துவிட்டார்கள், நோய்க்கிருமி ஆக்கிவிட்டார்கள், கடைசியில் மருந்தும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மருந்து இருக்கிறது என்றால் அது காய்ச்சல், அவ்வளவுதான்.

டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. முதலில் 1956 படத்தின் ப்ளூரேவை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்தது, போட்டேன், இந்த வட்டாரத்தில் ஓடாது என்று திரையில் வந்தது. ப்ளூரேவுக்கு ஏ, பி, சி என்று வட்டாரப் பூட்டு உண்டு. அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. விற்றவர் பக்கத்தில் அதை எழுதவே இல்லை, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். மூன்று வாரம் டிஸ்க் பெட்டிக்குள் கிடந்தது. பிறகு எல்லா வட்டாரமும் ஓடுகிற பழைய 4கே பிளேயர் ஒன்றை ஒரு நண்பர் மூலம் வாங்கினேன். 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டுத் தொல்லை கிடையாது, 1978 படத்தை 4கேயில் வாங்கினது அதனால்தான். தமிழ் சப்டைட்டில் இரண்டிலும் இல்லை. ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். 1956 படத்துக்குப் பின்னால் வண்ணம் பூசின பதிப்பு ஒன்றும் உண்டு, அதைத் தொடவேண்டாம், நிழல் போய்விட்டால் அந்தப் படத்தில் பாதி போய்விடும்.

1978 படத்தை நான் முதலில் பார்த்தது 2004-ல், சமாதானபுரம் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கின விசிடியில். ராத்திரிக் காட்சிகள் எல்லாம் ஒரே கரி, யார் ஓடுகிறார்கள் என்றே தெரியாது. இப்போது 4கேயில் அந்தத் தோட்டத்துக் காட்சி, சதர்லேண்ட் நாற்காலியில் கண் அயர்ந்திருக்க, இருட்டில் காய் மெதுவாக விரிந்து உள்ளே கை கால் துடிக்கிறதே, அந்தக் கொடி கொடியான நரம்பு வரைக்கும் தெரிகிறது. சுண்ணாம்புச் சுவரில் பார்த்ததற்கே இப்படி.

படம் முடிந்து மருமகன் ரொம்ப நேரம் பேசவில்லை. கீழே இறங்கும்போது, "மாமா, நேத்து படத்தை இன்னொரு தடவை போடலாமா, அந்த மார்க்கெட் சீன் மட்டும்" என்றான். மணி பன்னிரண்டரை. போட்டோம்.